ரேடியம் நூல்

"இந்தப் பறவைக்கு ஒரு றெக்கைதாம்மா இருக்கு."

நாடகத்தம்மா உட்காரவில்லை. அண்ணன் இழுத்துப் போட்ட நாற்காலியைக் காலாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டு, கொண்டுவந்த பையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். கறுப்பு அங்கி பூத்தையல் சட்டத்தின் மேல் வந்து விழுந்தது. அதன் முதுகில் ஒரு பெரிய வெள்ளைப் பறவை, வாலில் வெள்ளி ஜரிகையோடு, இரண்டு பக்கமும் இறக்கையை விரித்துக்கொண்டு கிடந்தது.

அண்ணன் குனிந்து பார்த்தான். "ரெண்டு இருக்கே மேடம்."

"வெளிச்சத்துல ரெண்டு. இருட்டுல ஒண்ணு. நேத்து ஒத்திகையில லைட்டை அணைச்சா, மேடையில பாதிப் பறவை நொண்டிக்கிட்டு நிக்குது. கறிக்கடையில வெட்டி மிச்சம் வெச்ச மாதிரி. நடிக்கிறவங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. அது அழுவுற சீனு."

ஊர் நாடக அரங்கில் உடுப்பு அறையைக் கட்டிக் காப்பவள் அவள். மேடையில் ஒரு பொத்தான் தெறித்தாலும் தன் பல் விழுந்த மாதிரி துடிப்பாள். இந்த வீட்டில் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு நாடகத்தம்மா என்று பேர், முகத்துக்கு முன்னால் மேடம்.

"இடது றெக்கை யார் போட்டது?"

அந்த முன்னறையில் வீட்டு ஆட்கள் நான்கு பேரும் இருந்தார்கள். அண்ணன் தன் செருப்பைப் பார்த்தான். அம்மா மடியிலிருந்த பிஸ்கட் டப்பாவின் மூடியைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மறுபடி மூடினாள். அண்ணி மட்டும் ஒளிவுமறைவு இல்லாமல் நேராக அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் அந்தப் பெண்.

வீட்டில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. அண்ணன் வைத்த பேர் பட்டதாரி. அந்த வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். ஏறி, இறங்கி, சந்தன நிறக் குர்தா ஒன்றைத் தோய்த்துத் தோய்த்து மாட்டிக்கொண்டு நேர்முகத் தேர்வு நேர்முகத் தேர்வாக அலைந்துவிட்டு, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பேரில் ஒரு காலத்தில் பெருமைகூட இருந்தது. இப்போது "பட்டதாரிக்கு ஒரு டீ குடும்மா" என்று அண்ணன் சொல்லும்போது டீயை விட நக்கல்தான் சூடாக இருக்கும்.

"உன்னைத்தானே திங்கக்கிழமையில இருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்கேன்?" என்றாள் நாடகத்தம்மா.

"ஆமா மேடம்."

"நல்லவேளை, இன்னும் திங்கக்கிழமை வரல." பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு சாயங்காலம் நாடகம். அதுக்குள்ள இந்த றெக்கை எரியணும். இது யார் செஞ்ச தப்புன்னும் எனக்குத் தெரியணும். உன் தப்புன்னா நீ அந்தப் பக்கமே வர வேண்டாம். லைட்டை அணைச்சதுக்கு அப்புறம் மேடைக்கு ஊசியைத் தூக்கிக்கிட்டு ஓட என்னால முடியாது."

படியிறங்கிப் போய்விட்டாள். வெளியே வானம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. மழை வருவேன் வரமாட்டேன் என்று காலையிலிருந்து போக்குக் காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே காற்று ஆடாமல் புழுங்கியது.

"திங்கக்கிழமை போச்சா?" என்றான் அண்ணன்.

"வாயைக் கழுவு."

ரேடியம் நூல் என்று அவர்கள் சொல்வது இருட்டில் ஒளிரும் நூலைத்தான். அதில் ரேடியமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. வெளிச்சத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இருட்டில் கக்குகிற ஏதோ ஒரு பொடி. பகலில் பார்த்தால் லேசாக மஞ்சள் பூத்த வெள்ளை நூல், அவ்வளவுதான். ஆனால் தைக்கிறவளுக்கு அது ஜென்மப் பகை. ஊசிக் காதில் நுழையும்போதே நுனி பூவாக விரியும். துணிக்குள் இழுத்தால் கரகரவென்று முனகும். ஒரு முழத்துக்கு மேல் எடுத்தால் பாதி வழியில் அறுந்து தொங்கும். ஜரிகை நூலும் படுத்தும், தண்ணீர் தொட்டால்தான் அடங்குகிற வழவழ நூலும் படுத்தும். ரேடியத்தோடு ஒப்பிட்டால் அதெல்லாம் பச்சைக் குழந்தைகள்.

அதற்காகவே அந்த வீட்டில் ஒரு வழக்கம். அம்மா நூலைச் சின்னதாக நறுக்கி, தேன்மெழுகுக் கட்டியின் மேல் ஓட்டி, வழுக்கிக்கொண்டு ஓடும்படி பதமாக்கித்தான் கொடுப்பாள். மெழுகு ஏறிவிட்டால் வெள்ளை நூலும் ரேடியமும் கைக்கு ஒன்றுதான். எது எது என்று பார்க்க ஒரே வழி இருந்தது. நூலை விளக்குக்குக் கொஞ்சம் காட்டி, இரண்டு உள்ளங்கையையும் குவித்து அதற்குள் வைத்து, கட்டைவிரல் இடுக்கில் ஒரு கண்ணை ஒட்டிப் பார்ப்பது. உள்ளே பச்சையாக மினுங்கினால் ரேடியம். அந்த வேலை அம்மாவுடையது. நூல் டப்பா அம்மாவுடையது. மகளே ஆனாலும் மருமகளே ஆனாலும் கையை நீட்டித்தான் வாங்க வேண்டும். சட்டத்தில் உட்கார இடுப்பு ஒத்துழைக்காமல் போன பிறகு அம்மாவுக்கு அந்த வீட்டில் மிஞ்சியிருந்த அதிகாரம் அது ஒன்றுதான்.

அண்ணன் விசாரணையைத் தொடங்கினான்.

"ஏம்மா, குடுத்து அனுப்புறதுக்கு முன்னாடி நீதானே ஸ்டோர் ரூம்ல வெச்சுப் பார்த்த?"

"பார்த்தேனே. கதவைச் சாத்திக்கிட்டுப் பார்த்தேன். ரெண்டு றெக்கையும் ஜோரா எரிஞ்சுது."

"அப்ப அதுக்கப்புறம்தான் செத்திருக்கு. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு?" விரலை நீட்டினான். "இவ இஸ்திரி போட்டா."

"பின்பக்கம் போட்டேன். மேல துணி விரிச்சுப் போட்டேன்."

"சூடு ஜாஸ்தி வெச்சிருப்ப. கருகிப்போச்சு."

"சூடு ஜாஸ்தின்னா மொதல்ல சுருண்டிருக்க வேண்டியது வால்ல இருக்கிற ஜரிகை. அண்ணி போட்டது. போய்ப் பாரு, குளிப்பாட்டிப் பவுடர் போட்ட மாதிரி இருக்கு."

"என் ஜரிகையை எதுக்கு இழுக்கிற?" என்றாள் அண்ணி.

"இழுக்கல அண்ணி. இழுத்தா அறுந்துடும், தெரியும்."

"கேட்டீங்களா இவ பேச்ச? தப்பு செஞ்சவளுக்கு வாய் எப்படி இருக்குன்னு பாருங்க."

பட்டதாரி அங்கியைத் திருப்பிப் போட்டு, தையல் பிரிக்கிற ஊசியை இடது இறக்கையின் அடியில் கொடுத்து, ஒரு கொத்து நூலைக் கிளப்பி எடுத்தாள். அடுப்பில் டீக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் ஒரு டம்ளர் மொண்டு அதில் போட்டாள். மெழுகு உருகிப் புள்ளி புள்ளியாக மேலே மிதந்தது. நூலை எடுத்துத் துடைத்து உதட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். பஞ்சு மாதிரி இருந்தது. கரகரப்பு கொஞ்சம்கூட இல்லை.

"இது ரேடியமே இல்ல. சாதா வெள்ளை நூல். கருகவும் இல்ல, சாகவும் இல்ல. உயிரே இல்லாத நூல்."

அண்ணன் வாங்கித் தேய்த்துப் பார்த்தான். அண்ணி பார்த்தாள். பிறகு மூன்று பேருமே அம்மாவைப் பார்த்தார்கள். பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் பார்வை அங்கேதான் போயிற்று. டப்பா அங்கேதானே இருந்தது.

அம்மா நிமிரவில்லை. மெழுகுக் கட்டியில் விரல் நகத்தால் ஒரு கோடு கிழித்தாள். "நான் குடுத்தது ரேடியம்."

"இது நீ குடுத்ததும்மா."

"நான் கைக்குள்ள வெச்சுப் பார்த்துட்டுக் குடுத்தது ரேடியம். இது ரேடியம் இல்லன்னா, நீதான் மாத்தியிருக்க."

"நானா?"

"நீதான். அந்த நூல் அறுந்தா நீ படிக்கிற பாட்டு தெருவுக்கே தெரியும். சனியன் சனியன்னு திட்டிக்கிட்டே உட்கார்ந்திருந்த. திங்கக்கிழமை போற அவசரம் வேற. சுலபமா ஓடட்டும்னு வெள்ளையைப் போட்டுட்ட. வெளிச்சத்துல எவளுக்குத் தெரியப் போகுதுன்னு."

"டப்பா உன் மடியில இருக்கு. நான் எங்க போய் வெள்ளை எடுப்பேன்?"

"கடையில விக்குது. படிச்சவளுக்குக் கடைக்கு நான் வழி சொல்லணுமா?"

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தன. பெற்றவள் வாயிலிருந்தா என்று அவள் அதிர்ந்து நிற்கவில்லை. இந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் எதுவும் வரும். எரிச்சல் வேறு இடத்தில் இருந்தது. இடது இறக்கையைத் தைத்த நாட்களில் நூல் ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது. அண்ணி வலது இறக்கையோடு பல்லைக் கடித்துக்கொண்டு மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டு, தன் கை தேறிவிட்டது என்று அவள் உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் மழைக்கு முன் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பி, மழையிலேயே நனைந்து, புது ரேடியம் நூற்கண்டுகளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினான். அவள் அவற்றைத் தன் கையால் வாங்கினாள்.

"இந்த நூலை நானே நறுக்குறேன், நானே மெழுகு போடுறேன். டப்பாவுக்குள்ள போக வேண்டாம்."

"போகட்டும்," என்றாள் அம்மா. "எனக்கென்ன, ஒரு வேலை மிச்சம்." அப்படிச் சொல்லிவிட்டு டப்பாவை இன்னும் கொஞ்சம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

இடது இறக்கையைப் பிரித்தெடுக்கவே பொழுது போய்விட்டது. கறுப்புத் துணியில் ஊசி போன வழியெல்லாம் பொடிப் பொடித் துளையாக இறக்கையின் பேய் மட்டும் மிஞ்சியது. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். தலைமாட்டில் அவள், எதிரில் அண்ணி. ஒரே ஆளால் முடிக்க முடியாது. அண்ணி உதவ வந்ததும் அன்பினால் இல்லை, ஆர்டர் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான். வந்து உட்காரும்போதே அதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஊசி மேலே வந்தது, கீழே போயிற்று. நூல் முனகியது. அறுந்தது. மறுபடி கோர்த்தார்கள். மழை ஜன்னல் தகரத்தில் கொட்டடித்தது.

"நேராவே கேட்கிறேன்," என்றாள் பட்டதாரி. "நீங்க மாத்தினீங்களா?"

அண்ணி ஊசியை நிறுத்தாமல் சிரித்தாள். "நான் மாத்துறதா இருந்தா உன் றெக்கையையா மாத்துவேன்? நீ வேலைக்குப் போறேன்னதும் இந்த வீட்டுல மொதல்ல சந்தோஷப்பட்டது யாரு? நான். நீ ஒழிஞ்சா இந்த ஜன்னல் பக்கம் எனக்கு. வந்த நாள்ல இருந்து இருட்டு மூலையில உட்கார்ந்து ஜரிகை போட்டுப் போட்டு என் கழுத்தே கோணிப்போச்சு. உன்னை இங்கேயே நிறுத்தி வெச்சு எனக்கு என்ன லாபம்?"

இவ்வளவு பச்சையாகச் சொன்ன பிறகு சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. பழி போட ஒரு ஆள் குறைந்து போயிற்று.

"தையல் இடைவெளி விடுறீங்க. நெருக்கிப் போடுங்க."

"உன் பாதியை நீ பாரு."

அம்மா சுவரோரம் பழைய துணிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். தைத்துக்கொண்டே இருப்பது அவள் சுபாவம். பொத்தான் போன சட்டை, கிழிந்த தலையணை உறை, நூல் விட்ட ரவிக்கைக் கை, எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்வாள். கையைப் பார்க்காமலே தைப்பாள், முகம் வாசல் பக்கம் இருக்கும்.

"ஊசியைக் கொஞ்சம் கோத்துக் குடும்மா," என்று அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி தன் ஊசியைத் துணியில் குத்திவிட்டு, வாங்கி, கோர்த்து, முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். பட்டதாரிக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

ரொட்டியும் அவித்த முட்டையும் வந்தன. அண்ணனே அவித்ததால் முட்டை உள்ளே பாதி வேகாமல் ஓடியது. அவள் தட்டை அவன் தரையில் தள்ளிவிட்ட வேகத்தில் முட்டை உருண்டு போய் அவள் முழங்காலில் முட்டியது.

"சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவிட்டுத் தொடு. மஞ்சக்கரு றெக்கையும் எரியாது." பக்கத்தில் குந்திக்கொண்டு குரலைத் தணித்தான். "நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளு. பேசாம உன் தப்புன்னு ஒத்துக்கோ."

"எதுக்கு?"

"உனக்கு இந்த வேலை போனா இன்னொண்ணு கிடைக்கும். படிச்சிருக்க. அம்மா டப்பாவுல தப்புன்னு வெளியில தெரிஞ்சா நமக்கு எவன் துணி குடுப்பான்? நூல் மாத்துற வீடுன்னு பேராயிடும்."

"அப்ப உனக்குத் தெரியுது, தப்பு டப்பாவுலதான்னு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம். அவ பார்த்தேன்னா பார்த்தா, அவ்வளவுதான்."

"படிச்சிருக்கன்னு இன்னிக்குத்தான் மொதமொதல்ல மரியாதையா சொல்லியிருக்க. அதுவும் என்னைக் குழியில தள்ளுறதுக்கு."

"உன்கிட்ட மனுஷன் பேசுவானா?" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

மறுநாள் மதியம் கடைசித் தையலைப் போட்டாள் அண்ணி. போட்ட கையோடு விரல்களை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அவித்த முட்டைக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிய நல்ல வார்த்தை, "கத்திரி" என்பது மட்டும்தான்.

வெறும் கண்ணால் பார்த்தால் பழைய பறவையேதான். அதனால்தான் இருட்டில் பார்த்தாக வேண்டும். முன்பு அங்கியை மடித்து ஸ்டோர் ரூமுக்கு எடுத்துப் போனாள் அம்மா. இப்போது துணி சட்டத்தில் கட்டியிருந்தது, சட்டம் கதவில் நுழையாது. முன்னறையையே இருட்டாக்க வேண்டியதுதான் என்றான் அண்ணன். அந்த வீட்டில் அது நடக்காத காரியம். ராத்திரியானால் தெருவிளக்கு நேராக ஜன்னலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதன் மஞ்சள் வெளிச்சத்தில் ராத்திரிகூடப் பாத்திரம் கழுவலாம். விளக்கை அணைத்தால் இருட்டும் என்பதே அந்த அறைக்குத் தெரியாது.

அண்ணனும் அவளும் போர்வைகளைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு இரண்டு அடுக்கு போட்டார்கள். வாசல் கதவின் அடியில் கோணி திணித்தார்கள். பறவை நன்றாகக் குடிக்கட்டும் என்று குழல்விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டார்கள். சுவரில் ஆணியில் அவளுடைய சந்தன நிறக் குர்தா இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது, திங்கட்கிழமைக்காக. அதன் நீளத்தைக் குறைத்து ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தது அம்மாதான்.

"அணைக்கட்டுமா?" என்றான்.

அணைத்தான்.

முதலில் பறவை. இரண்டு இறக்கையும் பச்சை வெளிச்சத்தில் பொங்கிக்கொண்டு கிளம்பின. அவள் மூச்சு விட்டாள். அப்புறம்தான் மற்றது தெரிந்தது.

ஜன்னல் பக்கத்துத் திரைச்சீலையின் அடியில் ஒரு பச்சைக் கோடு ஓடியது. ஆணியில் குர்தாவைக் காணவில்லை, அதன் ஓரம் மட்டும் அந்தரத்தில் வளைந்து நின்றது. அண்ணன் நின்ற இடத்தில் நெஞ்சுக்கு நேராகப் பொத்தான் பொத்தானாகப் பச்சைப் புள்ளிகள். அவன் திரும்பியபோது புள்ளிகளும் திரும்பின. அண்ணி இருந்த பக்கம் ரவிக்கைக் கையைச் சுற்றி ஒரு வளையம். கூடைக்குள் தலையணை உறையின் விளிம்பு. அம்மா கடந்த சில வாரங்களில் ஒட்டுப்போட்ட, பொத்தான் வைத்த, ஓரம் மடித்த அத்தனையும் எழுந்து நின்றன. வீடே அவள் தையலாக நின்றது.

எல்லாவற்றுக்கும் கீழே, சுவரோரத்தில், ஓர் ஊசியிலிருந்து தொங்கிய நூல் ஒன்று பச்சைப் புழுவாக மேலே போய்க் கீழே வந்துகொண்டிருந்தது. அம்மா இருட்டிலும் தைத்துக்கொண்டிருந்தாள்.



"என்னடி," என்றாள் அம்மா. "எரியுதா இல்லையா? ஏன் எல்லாரும் ஊமையாயிட்டீங்க?"

அண்ணன் பாய்ந்து விளக்கைப் போட்டான். போட்ட வேகத்திலேயே பேசினான். "எரியுதும்மா, ரெண்டும் எரியுது. கண்டு மாறிப்போச்சு போல, ரேடியம் துணிக் கூடையில கலந்துருச்சு. கைத்தவறு. அவ்வளவுதான், விடுங்க."

"அவ கையில இருந்தது எரிஞ்சுது," என்றாள் பட்டதாரி. "அவ கையிலேயே எரிஞ்சுது. அது அவளுக்குத் தெரியல."

"யாருக்குடி தெரியல?" அம்மா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "எல்லாம் தெரிஞ்சுது. இருட்டுல எது எரியும்னு எனக்கு நீ சொல்லித் தரணுமா? சொல்ல வேண்டாம்னு சும்மா இருந்தேன்."

"பார்த்தியா, தெரியுதுன்றாங்க," என்றான் அண்ணன்.

"அப்ப என் றெக்கைக்கு நூலை மாத்துனது நான். இன்னமும் நான்தான். அப்படித்தானே?"

"நீதான்," என்றாள் அம்மா.

பட்டதாரி டப்பாவிலிருந்து தானே ஒரு கண்டை எடுத்தாள். அம்மா தடுக்கும் முன் எடுத்துவிட்டாள். இரண்டு துண்டு நறுக்கினாள், மெழுகு ஓட்டினாள், விளக்கடியில் காட்டினாள். அண்ணி அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறாள் என்று புரிந்ததும், "வேண்டாம்," என்றாள் மெதுவாக. அந்த இரண்டு நாளில் அண்ணி மெதுவாகச் சொன்ன ஒரே சொல் அதுதான்.

அவள் கேட்கவில்லை. அம்மாவின் உள்ளங்கைகளைப் பிடித்து இழுத்து, கைக்கு ஒரு துண்டு வைத்தாள்.

"எது ரேடியம்? பார்த்துச் சொல்லு. உன் வழியிலயே பாரு."

அம்மா ஒவ்வொன்றாகக் குவித்துப் பார்த்தாள். கட்டைவிரல் இடுக்கில் கண்ணை ஒட்டி, மற்றக் கண்ணை இறுக்கி மூடி, எத்தனையோ வருஷமாகப் பார்த்த அதே தோரணையில் நிதானமாகப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டினாள்.

"இது. பளிச்சுன்னு எரியுது. இதுகூடத் தெரியாமலா இருக்கேன்?"

"ரெண்டுமே வெள்ளைம்மா."

மழை விட்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா கையை மடக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது, அதில் அந்த நூல் துண்டு கிடந்தது.

"பெத்தவளுக்கே பரீட்சை வெச்சுட்ட," என்றாள் கடைசியில். "பாஸாயிட்டியா? போ. வேலைக்குப் போ."

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். அதைக் கையால் கொடுக்கவில்லை. காலால் தள்ளினாள். டப்பா தரையில் உராய்ந்துகொண்டு போய் அண்ணியின் முழங்காலில் இடித்து நின்றது.

அண்ணன் வெளியே போய்விட்டான். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அவன் செய்வது அதுதான்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று அண்ணியைக் கேட்டாள் பட்டதாரி.

"ஊசி கோத்துக் குடுக்கிறவளுக்குத் தெரியாதா? எத்தனை மாசமா கோத்துக் குடுக்கிறேன். ஏன் அம்மா கோக்க மாட்டேங்கிறான்னு நீ ஒரு நாள் கேட்டியா?"

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லிட்டு? மருமக வந்து மாமியாளைக் குருடியாக்கிட்டான்னு பேர் வாங்குறதா? மகதானே நீ. வாயும் இருக்கு. நீ சொல்லுவன்னு இருந்தேன்." அண்ணி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சொல்லிட்ட. ரொம்ப நல்லாவே சொல்லிட்ட."

மூடியைத் திறந்து, கண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கைக்குள் குவித்துப் பார்க்க ஆரம்பித்தாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அங்கியை எடுத்துக்கொண்டு பட்டதாரியே அரங்குக்குப் போனாள். உடுத்திக்கொள்ள வேறு நல்ல துணி இல்லை, குர்தாவின் ஓரத்தைப் பிரித்துத் தைக்க நேரமும் இல்லை. அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கொடுத்துவிட்டுத் திரும்பப் போகிறோம், எவன் பார்க்கப் போகிறான்?

நாடகத்தம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யாருடைய இடுப்பையோ இறுக்கிக்கொண்டிருந்தாள். "யார் தப்பு?" என்றாள் ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

"எங்கம்மா தப்பு. அவங்களுக்குக் கண்ணு தெரியல. மறைச்சுட்டாங்க."

குழாய் ஒழுகுகிறது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொள்வது போலக் கேட்டுக்கொண்டாள். "சரி. நீ திங்கக்கிழமை வா. அதுவரைக்கும் என்ன, இன்னிக்கே நில்லு. அங்கியை விளக்குக்கு நேரா பிடிச்சுக்கிட்டு நிக்க ஆள் வேணும்."

அவள் நின்றாள். மேடையின் ஓரத்தில், கண்ணைக் குத்துகிற பெரிய விளக்கின் முன்னால், அங்கியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பறவை வெளிச்சத்தைக் குடித்தது. நடிகை வந்து திரும்பி நின்று கையை நீட்ட, மாட்டிவிட்டாள். நடிகை மேடைக்குப் போனாள். விளக்குகள் அணைந்தன.

இருட்டில் பறவை எழுந்தது. இரண்டு இறக்கையும் முழுசாக, துளி இடைவெளி இல்லாமல். அரங்கில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே வாயாக மூச்சை இழுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"ஏய்," என்று பின்னாலிருந்து நாடகத்தம்மாவின் குரல் சீறியது. "யாருடி அது, முழங்காலுக்குக் கீழ லைட்டு? அணை!"

அவள் குனிந்து பார்த்தாள். அவளும்தான் விளக்கின் முன்னால் நின்றிருந்தாள். குர்தாவின் ஓரம் வட்டமாக எரிந்துகொண்டிருந்தது.

"அணைக்க முடியாது மேடம்."

"ஸ்விட்ச் இல்லையா?"

"நூல் மேடம்."

"ஐயோ, மறைச்சுத் தொலை! ஜனங்க பார்க்குது!"

இருந்த இடத்திலேயே குந்தினாள். ஓரத்தை முன்னும் பின்னுமாகச் சுருட்டி வாரி இரண்டு கைக்குள்ளும் அடக்கினாள். அப்படியும் விரல் இடுக்கு வழியாகப் பச்சை கசிந்தது. இன்னும் இறுக்கினாள். மேடையில் பறவை அழுதுகொண்டிருந்தது. அதன் குரலைக் கேட்டுக்கொண்டே, கை பழகிய பழக்கத்தில், கட்டைவிரல் இடுக்கில் கண்ணை ஒட்டினாள்.

தையல் உள்ளே தெரிந்தது. அளவெடுத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே நீளம், ஒரே இடைவெளி. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு அவள் தைத்தால்கூட அப்படி வராது. ஓரிடத்தில் மட்டும் நூல் தீர்ந்து, இன்னொரு தரம் கோர்க்கச் சொல்லிக் கேட்க மனமில்லாமல், கைக்கு எட்டிய மிச்சத்தை இழுத்துப் பெரிதாக ஒரு முடிச்சுப் போட்டிருந்தாள் அம்மா.

கண்ணை எடுத்துவிட்டாள்.

நேரம் ஆக ஆக மேடையில் பறவை மங்கியது. கைக்குள் இருந்ததும் மங்கியது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அது யார் மேல் என்றுதான் அந்த இருட்டில் அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.